உறவு நாளுக்கு முந்தின நாள்

லத்தீன் டீச்சர் ஓடு கழுவிக்கொண்டிருந்தார். கூரைக்குப் போடும் மண் ஓடு, மொத்தம் எட்டு. ஆசிரியர் அறைக்கு வெளியே இருந்த தொட்டியில், டீ கப் கழுவ வைத்திருந்த பிரஷால் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பித் தேய்த்தார். ஒரு வருஷம் அலமாரிக்கு அடியில் கிடந்ததில் தூசி அடையாகப் படிந்திருந்தது.

பின்னால் கணக்கு சார் கையில் கப்போடு நின்றார்.

"டீச்சர், அந்த பிரஷ்லதான் நாங்க கப் கழுவுறோம்."

"நிஜமாவா? உங்க கப்பைப் பார்த்தா அப்படித் தெரியலையே சார்."

கணக்கு சார் தன் கப்புக்குள் எட்டிப் பார்த்தார். மறுத்துப் பேச அங்கே ஒன்றும் இல்லை.

"நாளைக்குத்தானே உங்க செத்தவங்க நாள்?"

"நாளைக்கு செத்தவங்க. அதுக்கு மறுநாள் உயிரோட இருக்கறவங்க."

"ரெண்டாவது கூட்டத்தைச் சமாளிக்கறதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, கப்பைக் கழுவாமலேயே அவர் போய்விட்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி, அந்த ஓடுகள் வகுப்பறைக்குள் போகும். பழைய ரோமில் அது இறந்தவர்களுக்கான நாள். ஒரு ஓடு, அதன்மேல் ஒரு கை தானியம், சிட்டிகை உப்பு, திராட்சை ரசத்தில் நனைத்த ரொட்டி, நாலு ஊதாப்பூ. செத்தவர்கள் அதற்கு மேல் ஆசைப்பட மாட்டார்கள் என்று ரோமானியர்கள் நம்பினார்கள். டீச்சர் ரசத்துக்குப் பதிலாகக் கடையில் விற்கும் திராட்சை ஜூஸ் வாங்குவார். ஊதாப்பூ கிடைக்காத வருஷம் பழைய நோட்டு அட்டையில் வெட்டிக்கொள்வார்கள். ஓடு மட்டும் நிஜ ஓடாக இருக்க வேண்டும். அதில் டீச்சர் விட்டுக்கொடுப்பதில்லை.

டீச்சருக்கு வயது ஐம்பத்து மூன்று. பிள்ளைகள் வைத்த பேர் காலண்டர். அது அவருக்கும் தெரியும். அவருடைய வகுப்பறையின் பின்சுவர் முழுக்கப் பழுப்புக் காகிதத்தில் பன்னிரண்டு பத்தியாக ரோமானிய நாட்காட்டி ஒட்டியிருக்கிறது. பழைய திருநாட்கள் சிவப்பில், இந்தக் காலத்து நாட்கள் பச்சையில். டீச்சரின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பழைய நாள் ஒன்றைக் கொண்டாடினால் அதற்கு ஜோடியாகப் புதிய நாள் ஒன்றைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். மார்ச் முதல் தேதி ரோமில் மனைவிமார்களுக்கான நாள். எட்டாம் தேதி மகளிர் தினம். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். லத்தீனில். "மாறவில்லை என்று எழுதினால் வாக்கியம் சின்னதாக இருக்கும்" என்று ஒரு பையன் நாலே வரியில் முடித்துவிட்டு முழு மதிப்பெண் வாங்கிப் போனான்.

ஜூன் மாதம் அடுப்புத் தெய்வத்தின் நாள் வரும். அன்றைக்கு ரோமில் மாவு அரைக்கிற கழுதைகளுக்கு ஓய்வு. கழுத்தில் மாலையும் ரொட்டியும் கட்டி நிறுத்திவிடுவார்கள். பள்ளியில் கழுதைக்கு எங்கே போவது? பிள்ளைகள் யோசித்து, பள்ளியிலேயே அதிகமாக உழைக்கிறது எது என்று ஓட்டெடுத்து, நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு மாலை போட்டார்கள். மூடியின்மேல் ஒரு ரொட்டித் துண்டும் வைத்தார்கள். தொண்ணூறு வினாத்தாளுக்கு நகல் எடுக்க வந்த பிரின்சிபால், "யார் இதுக்கு லீவு குடுத்தது?" என்று கேட்டார். "ரோம், மேடம்" என்று பதில் வந்தது. பிரின்சிபால் அன்றைக்குத் தெருமுனைக் கடைக்குப் போய் நகல் எடுத்து வந்தார். அதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை டீச்சரிடம் வேலை வாங்குகிறார்.

டீச்சர் லத்தீனுக்கு வந்தது ஆசைப்பட்டு இல்லை. கல்லூரியில் வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் வந்து சொன்னபோது அம்மா கேட்டார்:

"அதைப் பேசற ஊருக்கு எப்படிப் போறது?"

"அப்படி ஒரு ஊரே இல்லம்மா."

"அப்போ டிக்கெட் செலவு மிச்சம்."

அக்காவுக்கு அப்போதுதான் பேருந்து டிப்போவில் வேலை கிடைத்திருந்தது. நேரக் காப்பாளர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று தடித்த நோட்டில் எழுதுகிற வேலை. "இவளுக்குப் பரீட்சை வைக்கறவங்களாவது உயிரோட இருக்காங்களாம்மா?" என்று அக்கா கேட்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் அப்போதெல்லாம் அப்படித்தான். ஒருத்தியை ஒருத்தி வாராத நாள் சோறு இறங்காது.

படித்து முடித்து வேலைக்கு வந்து, பிள்ளைகள் வகுப்பில் தூங்குவதைப் பார்த்த பிறகுதான் டீச்சர் நாட்காட்டியைக் கையில் எடுத்தார். வினைச்சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் தூங்குகிறார்கள். கழுதைக்கு மாலை போட அதே வினைச்சொல் வேண்டும் என்றால் எழுந்து உட்காருகிறார்கள். கண்டுபிடிப்பு பெரிதில்லை. ஆனால் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாரா வாரம் ஃபோனில் முதல் கேள்வியே, "இந்த வாரம் உங்க ரோமாபுரியில என்ன விசேஷம்?" என்பதுதான்.

பின்சுவர் நாட்காட்டியில் டிசம்பர் பதினேழுக்குச் சிவப்புப் புள்ளி உண்டு. கொண்டாட்டம் மட்டும் இல்லை. அது சாட்டர்னாலியா. ரோமில் எஜமானர்கள் அடிமைகளுக்குப் பரிமாறிய நாள். எல்லாம் தலைகீழாக நடக்கும். கூட்டத்தில் ஒருவன் ராஜா. அவன் சொன்னதுதான் சட்டம். லத்தீன் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஆனாலும் நாலு வருஷமாக டீச்சர் அதைத் தாண்டிப் போகிறார். "டிசம்பர் மட்டும் ஏன் டீச்சர் விட்டுப் போகுது?" என்று யாராவது கேட்டால், "அரையாண்டுப் பரீட்சை" என்பார். பரீட்சை டிசம்பர் பத்தாம் தேதியே முடிந்துவிடும். பிள்ளைகள் மேற்கொண்டு கேட்பதில்லை.

நாலு வருஷத்துக்கு முந்தைய சாட்டர்னாலியா பதினோரு மணிக்குத் தொடங்கியது. பிள்ளைகள் காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு மேஜைமேல் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜூஸ் ஊற்றினார். ராஜாவாக வந்த பையன் போட்ட முதல் உத்தரவு, எல்லா ஃபோனையும் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது. வேலைக்காரியின் ஃபோன் உட்பட. டீச்சர் குனிந்து வணங்கி, தன் ஃபோனையும் வைத்தார். அம்மா ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆனால் முந்தின நாள் டாக்டரே, "இந்த வாரக் கடைசியில வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியிருந்தார். அக்கா லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு ராஜா சாவியைக் கொடுத்தான். ஃபோனில் பதினோரு தவறிய அழைப்புகள். அம்மா பதினொன்று நாற்பதுக்கே போய்விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில், சித்தப்பா, மாமா, நர்ஸ்கள் எல்லோரும் பார்க்க அக்கா சொன்னார்: "காலையிலேர்ந்து கூப்பிட்டுட்டே இருக்கேன். ராஜா உத்தரவு போட்டாராம், இவ ஃபோனைப் பூட்டிட்டாளாம். வயசு நாப்பத்தொன்பது." டீச்சரின் தலையில் காகிதத் தொப்பி இல்லை; ஆனால் இடுப்பில் துண்டு அப்படியே இருந்தது.  அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், அந்தப் பதினோரு அழைப்பும் எத்தனை எத்தனை மணிக்கு வந்தவை என்று திறந்து பார்க்கத் தைரியம் இல்லாமல், பட்டியலை அப்படியே அழித்தார்.

அதன் பிறகு அக்கா பேசவில்லை. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் அத்தான் எடுத்து, "குளிச்சிட்டிருக்கா" என்பார். நாலு வருஷமாக அக்கா குளித்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி இருபத்திரண்டுக்கு வருவோம். இறந்தவர்களுக்குச் செய்த மறுநாள், ரோமில் மிச்சம் இருக்கிற உறவினர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இத்தனை பேர் போய்விட்டார்கள், இருப்பது இவ்வளவு பேர் என்று எண்ணிப் பார்த்துச் சண்டையை ஒதுக்கி வைக்கிற நாள். உறவுக்குக் கெடுதல் செய்தவர்களை அந்தப் பந்தியில் சேர்ப்பதில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் அதை வகுப்பில் எடுத்தபோது, ஜோடியாகப் புதிய நாள் எதையும் பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சண்டை போட்ட சொந்தக்காரங்களுக்குன்னு ஒரு நாள் இப்போ கிடையாதே டீச்சர்" என்று வக்கீல் எழுந்து சொன்னான். எதற்கும் எழுந்து நின்று வாதாடுவதால் அவனுக்கு அந்தப் பேர்.

"அப்போ நாமளே ஒண்ணு வைப்போம்" என்றார் டீச்சர்.

இருபத்து மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஓர் அழைப்பு அட்டை எழுதினார்கள். பேச்சு குறைந்துபோன ஓர் உறவினருக்கு. மேலே மையில் லத்தீன் வாசகமும் ரோமானியத் தேதியும். மார்ச் முதல் தேதிக்கு முந்தைய எட்டாம் நாள் என்று. கீழே பென்சிலில் நம் தேதியும் நேரமும், "சாப்பிட ஏதாவது கொண்டு வரவும்" என்ற வரியும். டீச்சரும் தன் மேஜையில் உட்கார்ந்து ஓர் அட்டை எழுதினார். அக்காவின் பேர், முகவரி, லத்தீன், மையில் ரோமானியத் தேதி. பென்சில் வரிகளையும் எழுதினார். தேதி போட வேண்டிய இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது. தேதி போட்டுவிட்டால் அனுப்ப வேண்டும். அட்டையை மற்ற அட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டுப் பிரின்சிபால் கூப்பிட்டாரென்று போனார். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் அட்டைக் கட்டையே காணோம்.

"போஸ்ட் பண்ணிட்டோம் டீச்சர்" என்றாள் வகுப்பு லீடர். எதையும் பாதியில் விடாத பெண். "உங்களோடதுல மட்டும் தேதி விட்டுப் போயிருந்தது. நானே போட்டுட்டேன்."

டீச்சருக்கு அட்டை போயே போய்விட்டது என்பதைத் தவிர வேறெதுவும் உள்ளே இறங்கவில்லை. என்ன தேதி போட்டாய் என்று கேட்க வேண்டுமென்றே தோன்றவில்லை. "சரி, நல்லதும்மா" என்றார்.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். செவ்வாய்க்கிழமை காலை டிஃபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"நாளைக்கு உங்கக்கா வந்தா என்ன பண்ணப் போற?"

"நாற்காலி போடுவேன்."

"வரலைன்னா?"

"நாற்காலியைத் திருப்பி எடுத்து வைப்பேன். விடுங்க, எனக்கு லேட் ஆகுது."

அன்றைக்கு இருபத்தொன்று. எட்டு பெஞ்சுக்கு எட்டு ஓடு. ஜன்னல் கதவுகளைப் பாதி சாத்தியிருந்தார்கள். அன்றைக்கு ரோமில் கோயில்களைக் கூட மூடிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் தங்கள் வீட்டில் இறந்துபோன ஒருவரின் பேரை எழுதி ஓட்டின்மேல் வைக்க வேண்டும். பேரைச் சத்தமாகப் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம்.

"டீச்சர், நாயோட பேரை எழுதலாமா?" என்றான் வக்கீல்.

"எத்தனை வருஷம் உங்க வீட்டுல இருந்தது?"

"பதிமூணு."

"எழுது."

"பூனைக்கு டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"உன் பூனை நேத்து உன் டிபன் பாக்ஸைக் கவுத்துச்சுன்னு சொன்ன. உயிரோட இருக்கறதுக்கெல்லாம் இன்னைக்கு இடமில்ல."

பிள்ளைகள் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாகப் போய் உப்பும் ரொட்டியும் வைத்தார். நாலு வருஷமாக அவர் பேர் எழுதுவதில்லை. பரிமாறுகிற வேலையை எடுத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரியாக இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வாசலில் அக்கா நின்றார். டிப்போ சீருடைமேல் ஸ்வெட்டர். ஒரு கையில் ஆரஞ்சுப் பழம் நிறைந்த பை, இன்னொரு கையில் அட்டை. தலை முன்னால் முழுக்க நரைத்திருந்தது. நாலு வருஷத்தில் நரைத்தது. அத்தான் இதைச் சொல்லவே இல்லையே என்றுதான் டீச்சருக்கு முதலில் தோன்றியது.

"ரெண்டு மணின்னு போட்டிருந்தது" என்றார் அக்கா.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். டீச்சர் உப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ள வாக்கா" என்றார். பிறகுதான் சுதாரித்து, "ஆனா அது நாளைக்கு" என்றார்.

"இன்னைக்குத்தான் போட்டிருக்கு." அக்கா அட்டையை நீட்டினார். உண்மைதான். பிப்ரவரி 21.

லீடர் பெண் அட்டையை எட்டிப் பார்த்தாள். "டீச்சர், நீங்க விட்டிருந்ததால உங்களோடதுக்கு வேற நாளோன்னு சந்தேகமா இருந்தது. மேல இருந்த ரோமன் தேதியைக் காட்டிக் கணக்கு சாரைக் கேட்டேன். அவர்தான் கழிச்சு..."

அடுத்த அறையிலிருந்து கணக்கு சாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் போட்டுக் காட்டினார். "மார்ச் ஒண்ணுலேர்ந்து எட்டு நாள் பின்னாடி போங்க. பிப்ரவரிக்கு இருபத்தெட்டு. இருபத்தொண்ணு வருதா இல்லையா?"

"சார், ரோமன்ஸ் மார்ச் ஒண்ணையும் சேர்த்து எண்ணுவாங்க சார்" என்றான் வக்கீல். "மார்ச் ஒண்ணுதான் முதல் நாள். இருபத்தெட்டு ரெண்டாவது. அப்படியே வந்தா எட்டாவது நாள் இருபத்திரண்டு."

"கிளம்பற இடத்தையே ஒரு நாளா எண்ணுவாங்களா? இவங்க எப்படிய்யா உலகத்தை ஆண்டாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அக்கா. "எங்க டிப்போல இப்படி எண்ணினா ஒரு வண்டி கூட ஷெட்டுக்குத் திரும்பி வராது."

வகுப்பே சிரித்தது. கணக்கு சார் தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்தார். பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஓட்டை, காகிதத் துண்டுகளை, நனைந்த ரொட்டியைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டென்று எழுந்து நிற்கப் போனவர், எதற்கோ மனசை மாற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இது யாரும்மா?" என்று ஒரு பெண்ணைக் கேட்டார்.

"எங்க பெரியப்பா ஆன்ட்டி."

"இது?"

"எங்க நாய்" என்றான் வக்கீல். "பதிமூணு வருஷம்."

அக்கா தலையை ஆட்டினார். பையைத் திறந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார். டிப்போவில் டிரைவர்களுக்குச் சீட்டுக் கொடுப்பதுபோல, வரிசையில் நிற்க வைத்து. மணி அடித்தது. பிள்ளைகள் பழத்தை உருட்டிக்கொண்டே போனார்கள். லீடர் பெண் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "சாரி டீச்சர்" என்றாள். டீச்சர் கையைக் காட்டி அனுப்பினார்.

அறையில் இரண்டு பேரும் மட்டும். டீச்சருக்கு அடுத்த வகுப்பு மாடியில், பத்து நிமிஷத்தில்.

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேதி உன் எழுத்து இல்ல."

"இல்ல. அந்தப் பொண்ணு போட்டது."

"மத்ததெல்லாம்?"

"நான் எழுதினதுதான். அனுப்பறதுக்குள்ள அவங்களே அனுப்பிட்டாங்க."

"இல்லைன்னா அனுப்பியிருக்க மாட்ட."

"தெரியல. அனுப்பியிருப்பேன்னு நினைக்கறேன். நாலு வருஷமா நீ குளிச்சிட்டே இருந்த, நான் என்ன செய்வேன்?"

அக்காவின் உதடு லேசாக வளைந்தது. எழுந்து ஒவ்வொரு ஓடாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசிப் பெஞ்சு வரை போய்த் திரும்பினார்.

"அம்மா பேர் இல்லையே."

"நான் எழுதறதில்ல."

"ஏன்டீ?"

"எழுத எனக்கு என்ன தகுதி இருக்குன்னு விட்டுட்டேன்."

அக்கா மேஜையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார். ஸ்வெட்டர் பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதினார். அம்மாவின் பேர். பக்கத்தில் தேதி. அதற்குப் பக்கத்தில், முப்பத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாக எழுதியது: 11.40. அதை முன் பெஞ்சு ஓட்டின்மேல் வைத்தார்.

டீச்சர் குனிந்து படித்தார். அந்த எண்ணை மட்டும் மறுபடி படித்தார்.

"அன்னைக்கு முதல் ஃபோன் எத்தனை மணிக்குப் பண்ணின?" சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அக்கா பேனாவை மூடினார். "பதினொண்ணு இருபத்தஞ்சு."

"காலையிலேர்ந்து கூப்பிட்டேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"எல்லார் முன்னாடியும் சொன்ன."

"ஆமா." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பதினொண்ணு இருபத்தஞ்சுலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் பதினோரு தடவை. இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு நாப்பது நிமிஷம். முதல் ஃபோனை நீ எடுத்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்க மாட்ட. அந்த வழித்தடத்துல எந்த வண்டியும் பதினஞ்சு நிமிஷத்துல வராது. நான் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நாலு வருஷமாக அவர் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு வேறு. பதினோரு மணிக்குப் பூட்டிய கையோடு ஒரு ஃபோன், பதினொன்று ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தான் எங்கே நின்றோம், எதற்குச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று அவராகவே நிரப்பி வைத்திருந்தார்.

"பத்து மணிக்கே மூச்சு கொஞ்சம் வாங்க ஆரம்பிச்சிருச்சு" என்றார் அக்கா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. நோட்டைப் பார்த்துப் படிப்பதுபோலச் சொன்னார். "சின்னவளைக் கூப்பிடவாம்மான்னு கேட்டேன். வேணாம், இன்னைக்கு அவ வேலைக்காரி, பசங்களுக்குப் பரிமாறணும், விடுன்னாங்க. அதைச் சொல்லும்போது சிரிச்சாங்க. நானும் சரி, ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"பத்து மணிக்கா?"

"பத்து. பத்து அஞ்சு."

"பத்து மணிக்கு ஃபோன் என் கையில இருந்ததுக்கா. பதினொண்ணுக்குத்தான் பூட்டினோம்."

"எனக்கு அப்போ தெரியாது. நீ எத்தனை மணிக்குப் பூட்டினேன்னு அத்தான்கிட்ட அப்புறம் சொன்னியாமே, அப்போதான் தெரிஞ்சுது." அக்கா திரும்பினார். "அதுக்கப்புறம் உன்கிட்ட எப்படிப் பேசறது? ஃபோன் வரும். அவர் எடுத்து நீட்டுவார். நான் பாத்ரூமுக்குள்ள போயிடுவேன். நிஜமாவே போயிடுவேன்டீ. இந்த அட்டை வந்ததும், சரி, அவளே கூப்பிட்டுட்டா, போய்ச் சொல்லிடணும்னு நினைச்சேன். அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

வெளியே வராந்தாவில் பிள்ளைகள் ஓடும் சத்தம். யாரோ ஆரஞ்சுத் தோலை எறிந்து, யாரோ திட்டினார்கள். டீச்சர் மேஜைக்குப் போனார். சாக்பீஸ் டப்பாவை மூடினார். வருகைப் பதிவேட்டைக் கீழிருந்து தேடி எடுத்தார். அம்மா சிரித்தார் என்பது அவர் காதில் விழுந்துவிட்டது. நாலு வருஷத்தில் எந்த நாள் கேட்டிருந்தாலும் போதுமானதாக இருந்திருக்கும் அது. முதல் வருஷமே கேட்டிருந்தால், பின்சுவரில் இருக்கிற அந்தச் சிவப்புப் புள்ளியை அவர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்க மாட்டார்.

"டிப்போ நோட்டுல ஒரு எண்ணை மாத்தி எழுதினா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

"ம்."

இரண்டாவது மணி அடித்தது. அக்கா காலியான பையை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்படி மடிக்கும்போது அவர் அம்மா மாதிரியே இருக்கிறார் என்று வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் சொல்லியிருப்பார்.

"நாளைக்கு இதே நேரம்தானே?" என்றார் அக்கா. "நாளைக்கும் லீவு கேட்டா குடுப்பாங்க. நான் வரலாமா?"

டீச்சர் பதிவேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவுவரை போனார். அங்கே ஒரு கணம் நின்றார்.  மாடியில் அவருடைய அடுத்த வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் வெளியே போய், படியேறினார்.